தாடை தாழ்த்தல், பத்து முறை

1997 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், நான்கு குடம், ஓர் அண்டா. 6.05க்கு நின்றது. சவரம், குளியல். 7.00: அண்ணனுக்குக் கேழ்வரகுக் கஞ்சி, கூழ் பதம், பன்னிரண்டு ஸ்பூன், இருமல் இல்லை. 7.20: தண்ணீர், அரை டம்ளர், இருமல் நான்கு. 7.45: காபி, அரை டம்ளர், இருமல் ஐந்து. உடல் வெப்பம் 99.6. அரை நாள் விடுப்புக் கடிதத்தைப் பக்கத்துத் தெரு சக ஊழியரிடம் கொடுத்தனுப்பினேன். 11.30க்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது படித்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நேரம் சரி, அளவு சரி, எண்ணிக்கை சரி. அண்ணன் எதனால் இருமினார் என்பது மட்டும் அதில் இல்லை.

நாங்கள் அப்போது தொம்மலூர் பழைய ஊருக்குள் குடியிருந்தோம். கீழே அண்ணனும் அண்ணியும். மேலே ஒற்றை அறையில் நான். எனக்கு நாற்பத்தாறு வயது, திருமணம் ஆகவில்லை. என் நாட்குறிப்புகள் ஒரு நாள்கூட விடுபடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவைக் கவனித்துவந்தேன். உள்ளே வரும் கடிதத்துக்கு ஒரு பதிவேடு, வெளியே போகும் கடிதத்துக்கு ஒரு பதிவேடு. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை அல்ல.

அண்ணனுக்கு ஐம்பத்தேழு. தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பத்தொரு வருடம். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் வீட்டில் உப்பு கேட்டாலும் இரண்டு வீடு தள்ளி எடுத்து வைப்பார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி காலை சவரம் செய்துகொண்டிருந்தவருக்கு வலது கை நழுவியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். கையும் வாயும் மூன்று வாரத்தில் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. தொண்டை வரவில்லை. பத்தொன்பது நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் உணவு ஊற்றினார்கள். இடையில், குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நெஞ்சில் சீழ் கட்டி, காய்ச்சல் 103 வரை ஏறி இறங்கியது.

மூக்குக் குழாயை எடுத்த அன்று பெரிய டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவை நெஞ்சுல இன்ஃபெக்‌ஷன் வந்தா ரிஸ்க் எடுக்க முடியாது. வயித்துல ஓட்டை போட்டு டியூப் வெச்சிடுவோம். சாப்பாடு, தண்ணி எல்லாம் அது வழியாத்தான்."

"டயருக்கு வால்வு வெக்கற மாதிரியா டாக்டர்?" என்றார் அண்ணன்.

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வால்வு. அண்ணன் சாவைப் பற்றிக்கூட உரக்கப் பேசுவார். வால்வைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். காபியை வாயில் வைக்காமல் வயிற்றில் ஊற்றிக்கொண்டு உயிரோடு இருப்பது அவருக்குப் புரியாத ஏற்பாடு.

பெரிய டாக்டர் எங்களைப் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார். அண்ணனுக்குக் கோபம். "எனக்குப் பேச்சு நல்லாத்தானே வருது? முழுங்கத்தானே வரல?"

"பேச்ச கொறைக்க எதுனா வைத்தியம் இருந்தா அதையும் கேட்டுட்டு வாங்க" என்றாள் அண்ணி.

அந்த அறையில் எல்லா நாற்காலிகளும் குழந்தைகளுக்கானவை. சுவரில் கிளி, பந்து, பஸ் படங்கள். பயிற்சியாளருக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. மைசூர்ப் பக்கத்துப் பெண். நோயாளிகளிடமிருந்தே தமிழ் கற்றவர் என்பதால் ஒரு வாக்கியம் சிவாஜிநகரில் தொடங்கி தர்மபுரி வழியாகப் போய்க் கன்னடத்தில் முடியும். விழுங்குவதற்கும் இந்த அறையில்தான் வைத்தியம் என்று அவர் சொன்னபோது நான் பெயர்ப்பலகையை ஒருமுறை வெளியே போய்ப் படித்துவிட்டு வந்தேன். பலகையில் பேச்சும் செவியும் இருந்தன, விழுங்குதல் இல்லை.

அவர் அண்ணனின் தாடைக்குக் கீழே தொண்டை வரை நான்கு விரல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். பிறகு "ஆ சொல்லுங்க" என்றார். அண்ணன் சொன்னார். குரலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம்.

"கேட்டீங்களா சார்? தண்ணி கொரல் மேலயே நிக்குது. தொண்டையில ரெண்டு வழி. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நெஞ்சுக்கு. முழுங்கறப்ப நெஞ்சு வழி மூடிக்கணும். இவருக்கு மூடறது ஸ்வல்ப லேட்டு."

"எவ்வளவு லேட்டு?" என்று பேனாவைத் திறந்தேன்.

"ஒரு செகண்டுக்கும் கம்மி."

"கம்மின்னா எவ்வளவு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார் எந்த ஆபீஸ்?"

"வுடும்மா, அவன் அப்பிடித்தான்" என்றார் அண்ணன். "எனக்குப் புரிஞ்சிருச்சு. நம்ம ஃபேக்டரி கேட்டு மாதிரி. வாட்ச்மேன் மூடறதுக்குள்ள நாலு பேரு பூந்துருவான்."

"அதேதான். தண்ணி ஓடி வரும், பூந்துரும். கூழ் மெதுவா வரும், கேட்டு மூட டைம் கெடைக்கும்."

தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது எப்படி என்று வெறும் எச்சிலைக் கொண்டு அண்ணனைப் பத்து முறை செய்ய வைத்தார். பிறகு ஒரு தாளில் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நேராக உட்கார வேண்டும். கூழ் பதம் மட்டும். சிறிய வாய். தாடை கீழே. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும். ஒரு மாதத்தில் வந்து காட்டச் சொன்னார். நெஞ்சு சுத்தமாக இருந்தால் தண்ணீரும் காபியும் உண்டு. இல்லாவிட்டால் என்ன என்பதற்கு அவர் வால்வு என்று சொல்லவில்லை; மேலே பெரிய டாக்டர் அறை இருந்த திசையில் கூரையைப் பார்த்தார்.

நான் அன்று மாலையே ஒரு நீளப் பதிவேட்டில் கோடு போட்டேன். ஏழு கட்டம். நேரம், பொருள், பதம், அளவு, இருமல், உடல் வெப்பம், பயிற்சி. ஏழாவது கட்டத்தில் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் 'தாடை தாழ்த்தல், பத்து முறை, செய்யப்பட்டது' என்று எழுதுவதாக ஏற்பாடு. நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்துக்கு அண்ணி ஒரு சிட்டையில் குறித்துவைப்பாள்; இரவு ஏற்றிக்கொள்வேன்.

முதல் சண்டை கூழ் பதத்தில் வந்தது. அண்ணி வாணியம்பாடிக்காரி, அவள் கூழில் ஸ்பூனை நிறுத்தினால் நிற்கும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கூழ்னா ஊத்தணும்டி. இத வெட்டித்தான் சாப்பிடணும்." நான் நடுநிலையாக, ஸ்பூனைச் சாய்த்தால் உள்ளே இருப்பது முழுவதும் விழ எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, நான்கு விநாடி என்று நிர்ணயித்தேன். அதற்கு மேலே கட்டி, கீழே நீர்மம். நான் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வேளையும் அண்ணி கிண்ணத்தோடு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று, "தம்பி, பதம் பாத்துப் பாஸ் பண்ணுங்க" என்பாள். கிண்டல் என்பது தெரியும். ஆனாலும் பாஸ் செய்த பிறகுதான் உள்ளே போவாள்.

காபியிலும் கூவைக்கிழங்கு மாவு போட்டுக் கெட்டியாக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் முதல் ஸ்பூனை விழுங்கிவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். "எலக்‌ஷன் போஸ்டர் ஒட்ட இது நல்லா இருக்கும்" என்றார். ஆனால் சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்து மெல்லிய காபி என்கிற நம்பிக்கையில் அந்தப் பசையை வேளை தவறாமல் சாப்பிட்டார்.

இரண்டாவது தொல்லை பார்க்க வந்தவர்கள். பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு கொண்டுவருவார்கள். விழுங்க முடியாதவரைப் பார்க்க வந்தவர்கள் அதே ஆரஞ்சைக் கொண்டுவந்து, சாறு பிழிந்து கொடுத்தாயா இல்லையா என்று நின்று பார்த்தார்கள். ஒருவர் இளநீர். இன்னொருவர், தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று சோடா. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு நண்பர் அண்ணனின் கழுத்தில் எண்ணெய் தேய்த்து மேலிருந்து கீழாக நீவிவிட முன்வந்தார். "அடச்சீ, நான் இன்னா அடைச்ச பைப்பா?" என்று அண்ணன் கையைத் தட்டிவிட்டார்.

வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அண்ணன் கஞ்சி குடிப்பார், புரை ஏறும். உடனே நான்கு கைகள் அவர் உச்சந்தலையில் தட்டும். "யாரோ நெனைக்கிறாங்க." ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் ஏழு பேர், புரை ஏறியது ஒன்பது முறை. ஆக அன்று ஒன்பது பேர் அண்ணனை நினைத்திருக்கிறார்கள். அவரை நினைக்கக்கூடிய ஏழு பேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் மீதி இரண்டு பேர் யார் என்று அண்ணி விசாரித்தாள். மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளர் அனுமதி இல்லை என்று ஓர் அட்டை எழுதிக் கதவில் மாட்டினேன். இருமல் ஒன்றுக்கு இறங்கியது, பிறகு சுழி.

ஜூலை 28, முதல் பரிசோதனை. நெஞ்சு சுத்தம். எக்ஸ்ரே அறையில் சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒரு மருந்தைக் குடிக்கவைத்து, அது தொண்டையில் இறங்குவதைத் திரையில் பார்த்தார்கள். அண்ணனின் மண்டை ஓடு தாடையைத் தாழ்த்திக்கொண்டு சின்னச் சின்ன வாயாக விழுங்கியது. கரிய ஒரு கீற்று சரியான வழியில் போயிற்று. ஒரு சொட்டுகூடத் தவறவில்லை. பிறகு அந்தப் படத்தை அண்ணனுக்குக் காட்டினார்கள். "தலைக்குள்ள இவ்ளோ எடம் காலியா கெடக்குதே" என்றார்.

"இனிமே தண்ணி, காபி குடிக்கலாம். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, ஸ்வல்ப ஸ்வல்பமா" என்றார் பயிற்சியாளர்.

அன்று மாலை அண்ணி டிகாக்‌ஷன் இறக்கிப் பால் காய்ச்சி, நுரை வர ஆற்றிக் கொடுத்தாள். அண்ணன் குடித்தார். இருமல் ஆறு. மகிழ்ச்சியில் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைத்தோம். மறுநாள் ஐந்து. அடுத்த நாள் ஏழு. தலையில் தட்டும் கைகள் திரும்பி வந்தன. ஆகஸ்ட் ஏழாம் தேதி உடல் வெப்பம் 99.2, பிறகு 99.3, 99.4, 99.5 என்று நாளுக்கு ஒரு புள்ளி ஏறியது. அண்ணன் வெப்பமானியை வாயிலிருந்து எடுத்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் எண்ணைச் சொல்வேன். "வால்வா?" என்பார், மெதுவாக.

இந்த நிலையில்தான் 11ஆம் தேதி 11.30க்குப் பயிற்சியாளர் முன்னால் பதிவேட்டை விரித்தேன். ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் பார்ப்பதாக ஏற்பாடு. பயிற்சியாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை எந்த நோயாளி வீட்டிலிருந்தும் பார்த்ததில்லை என்றார். நான் அடக்கமாக இருந்தேன்.

காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி அண்ணனிடம் கொடுத்து, "தாடை கீழ, குடிங்க" என்றார். அண்ணன் உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகக் குடித்தார். இருமல் இல்லை. "ஆ" சுத்தமாக வந்தது. இன்னொரு கப். இருமல் இல்லை. மூன்றாவது கப்.

"இங்க ஒண்ணும் ஆகலியே. வீட்ல மட்டும் ஏன்?"

"அவ காபி அப்பிடி" என்றார் அண்ணன்.

"தண்ணிக்கும்தான் இருமறாரு" என்று நான் இரண்டாவது கட்டத்தைக் காட்டினேன்.

பயிற்சியாளர் என் பதிவேட்டைச் சந்தேகித்தார். நான் அவருடைய எக்ஸ்ரேயைச் சந்தேகித்தேன். இருவரும் மரியாதை காரணமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தில் 12.20. தொண்டை வறண்டது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்க்கு அரை அடி உயரத்திலிருந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டேன். பாட்டிலை மூடும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அண்ணாவும் வீட்ல இப்படித்தான் குடிப்பாரா?"

"வேற எப்படிம்மா குடிப்பாங்க?"

"காபி?"

"அதுவும்தான். ஆத்திட்டு அண்ணாந்துதான். எங்க வீட்ல யாரும் டம்ளர்ல வாய் வெக்க மாட்டோம். எச்சி ஆயிடும் இல்ல?"

"இங்க வாய் வெச்சுக் குடிச்சாரே?"

"இது தூக்கிப் போடற கப்பும்மா" என்றார் அண்ணன். "அது வூட்டு டம்ளரு."

பயிற்சியாளர் பதிவேட்டை மறுபடி தன் பக்கம் இழுத்தார். "தாடை தாழ்த்தல் பத்து முறைன்னு டெய்லி எழுதியிருக்கீங்க?"

"செஞ்சோம். ஒரு நாள் விட்டதில்ல."

"எப்ப?"

"காலைல பத்து மணி. சாயங்காலம் அஞ்சு மணி."

"குடிக்கறப்ப?"

"குடிக்கறது ரெண்டாவது கட்டம்மா. தாடை ஏழாவது கட்டம்."

அவர் இரண்டாவது கட்டத்திலிருந்து ஏழாவது கட்டத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு பதிவேடு மூடப்பட வேண்டும் என்று நான் விரும்பிய முதல் தருணம் அது. ஆறு வாரமாக ஒரு மனிதர் காலை பத்து மணிக்குத் தண்ணீர் இல்லாமல் தலையைக் குனிந்து பயிற்சி செய்திருக்கிறார். தண்ணீர் குடிக்கும்போது தலையை நிமிர்த்தி, வாட்ச்மேனைத் தூங்கவைத்துவிட்டுக் கேட்டை அகலத் திறந்துவிட்டிருக்கிறார். கூழை ஸ்பூனில் ஊட்டியதால் மட்டும் அந்த ஒரு மாதம் தப்பித்தது. இரண்டையும் நான் அடுத்தடுத்த கட்டங்களில் சரியாக ஏற்றியிருக்கிறேன்.

"எங்க வீட்லயும் இப்படித்தான் சார் குடிப்போம்" என்றார் பயிற்சியாளர், பொறுமையாக. "நானே கேக்கல பாருங்க. நாங்க படிச்ச புக்ல எல்லாரும் உதட்டுல வெச்சுக் குடிக்கறவங்கதான். அண்ணாந்து குடிக்கறவன் அதுல வரவே இல்ல."

அவரே எங்களுடன் மாடிக்கு வந்தார். பெரிய டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். முகம் திருப்தியாக இல்லை. பயிற்சியாளர் இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். டாக்டர் மாத்திரை எழுதி ஒரு வாரம் கொடுத்தார். "இன்னிக்கு கூழ் மட்டும். நாளைக்குக் காலையிலருந்து தண்ணி. அடுத்த திங்கக்கெழம ஜுரம் இருந்தா, வால்வுதான்" என்றார். அந்தச் சொல் அவரையும் தொற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உண்மையான சிகிச்சை தொடங்கியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எதிலும் யார் உதடும் பட்டதில்லை. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து, அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இது உங்களுது. இதுல வாய் வெச்சுக் குடிங்க. மத்ததோட சேராது."

அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். "நாய்க்குத் தனித் தட்டு வெக்கற மாதிரி எனக்குப் புள்ளி வெச்சிட்டியா?"

"டாக்டரம்மா சொன்னாங்க."

"அம்பத்தேழு வயசுல எச்சி பண்ணிக் குடிக்கச் சொல்றீங்க. இதுக்கு வால்வே மேலு. அதுல வாயே வெக்க வேணாம்."

அவர் சொன்னது வேடிக்கையாக இல்லை. மூக்குக் குழாய் இருந்த பத்தொன்பது நாளும் அவர் இந்தக் குரலில் பேசியதில்லை.  

அண்ணி அடுப்பிலிருந்த தன் காபியை இன்னொரு டம்ளரில் ஊற்றி எடுத்துவந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். தாடையை இறக்கி, விளிம்பில் உதட்டை வைத்து, சத்தம் வர உறிஞ்சினாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணியின் உதடு ஒரு டம்ளரில் படுவதை நான் பார்த்ததில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் அவசரப்படாமல் முழுவதும் குடித்தாள். கழுவித் துடைத்து, அந்த டம்ளரின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"தம்பி, உங்களுக்கும் ஒண்ணு வெக்கட்டா?"

"எனக்கு வியாதி ஒண்ணும் இல்லையே அண்ணி."

"அவன் எழுதறான் பாரு, அது இன்னாவாம்?" என்றார் அண்ணன். குரல் பழைய அளவுக்கு வந்திருந்தது. "வெய்யி, மூணாவது புள்ளி."

அவர்கள் இருவருடைய புள்ளி வைத்த டம்ளர்களும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. என்னுடையது, மூன்றாவது புள்ளி காய்வதற்காகத் தனியே இருந்தது. இரவு பதிவேட்டில் அன்றைய கணக்கை முடித்து, புதிய பக்கத்தில் ஏழாவது கட்டத்தை அடித்துவிட்டேன். இரண்டாவது கட்டத்தை அகலப்படுத்தி 'பொருள், தலை' என்று எழுதினேன்.

மறுநாள், 12ஆம் தேதி, செவ்வாய். தண்ணீர் வராத நாள். 5.10க்கு எழுந்து முதல் வேலையாகக் கீழே போனேன். அண்ணன் ஏற்கெனவே நேராக உட்கார்ந்திருந்தார். அண்ணி புள்ளி வைத்த டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். 5.20: தண்ணீர், ஐந்து மிடறு, தாடை நெஞ்சில், உதடு டம்ளரில். 'ஆ' சுத்தம், எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். இருமல் இல்லை. அண்ணனை நினைத்தவர், எவரும் இல்லை.